கை நீட்டி வாங்கிய துரும்பு

1

பினாங்கு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று இராமநாதபுரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஏதோ மலர் போடுகிறார்களாம். மலை ரயில், சீனர் கோயில், தைப்பூசக் காவடி, ரப்பர்த் தோட்டம், இதெல்லாம் வந்தால் நன்றாயிருக்குமாம். நான் இங்கே ஒரு தமிழ் அச்சகத்தில் பதினோரு வருஷமாக எழுத்துக் கோக்கிறேன். மலை ரயிலைப் பற்றி மட்டும் எத்தனையோ கட்டுரைகள் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. எழுதியவர்களில் பாதிப் பேர் அதில் ஏறியதே இல்லை. இன்னொன்றை நான் எழுதுவதாக இல்லை.

போன மாதம் என் மகளை அழைத்துக்கொண்டு குடியுரிமை ஆபீசுக்குப் போனேன். அதைத்தான் எழுதப்போகிறேன். படிக்கிறவர்களில் சிக்கல் கிராமத்துப் பெரிய மனிதர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் யாராவது உரக்கப் படித்துக் காட்டவும்.

2

என் பெயர் வள்ளிமயில். பிறந்தது அபிராமம். வாழப்போனது சிக்கல். ஊர்ப் பெயரைக் கேட்டபோதே எங்கள் வீட்டில் யாருக்காவது உறைத்திருக்க வேண்டும். இங்கே துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன்தான் என்னையும் என் மகள் முத்துமாரியையும் கப்பலேற்றிக் கூட்டிவந்தார். வரும்போது அவளுக்கு மூன்று வயது நிறையவில்லை. இப்போது பதினைந்து. பள்ளிக்கூடத்தில் அவளை மேரி என்கிறார்கள். முத்துமாரியில் முன்பாதியைச் சொல்ல அந்த டீச்சரம்மாவுக்கு வாய் வரவில்லை, பின்பாதியையும் அவளுக்குத் தோதாகத் திருகிக்கொண்டாள். மகளும் அந்தப் பெயருக்குத்தான் சட்டென்று திரும்புகிறாள். நான் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழுகிறது.

இந்த நாடும் சுதந்திரம் வாங்கிவிட்டது. பதிந்துகொள்ளாதவர்கள் ஒவ்வொரு பர்மிட்டுக்கும் யார் காலையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்குப் பரவாயில்லை, நின்று பழகியவள். முத்துமாரிக்கு வாத்தியார் பயிற்சிக்குப் போக ஆசை. குடியுரிமை இல்லாவிட்டால் அதற்கு விண்ணப்பமே வாங்கமாட்டார்களாம். அதனால்தான் போனோம்.

மேஜைக்குப் பின்னால் ஒரு சீன இளைஞர். என்னிடம் மலாயில் இரண்டு கேள்வி கேட்டார், சமாளித்தேன். புருஷன் எங்கே என்றார். "செராய்" என்றேன். பிரிந்தாயிற்று என்று அர்த்தம். அவர் காகிதத்தில் "ஜண்டா" என்று எழுதிக்கொண்டார். மலாய்க்காரர்கள் புருஷன் செத்தவளுக்கும் தீர்த்துவிட்டவளுக்கும் அந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை. நம் ஊரில் எனக்கு வைத்திருந்த பெயர் வாழாவெட்டி. பத்து மாதம் அந்தப் பெயரோடு அபிராமத்தில் தண்ணீர் எடுத்தேன். கிணற்றடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் குடம் வைக்காதவர்கள் இப்போது அண்ணன் மூலம் பினாங்குச் சேலை கேட்டு எழுதுகிறார்கள்.

எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது. முத்துமாரிக்கு வந்ததும் அந்தப் பையன் பேனாவை வைத்துவிட்டார். அவள் மைனர். தகப்பன் கையெழுத்து வேண்டும். அல்லது பிள்ளை சட்டப்படி தாயிடம்தான் இருக்கிறது என்பதற்குக் கோர்ட்டுக் காகிதம் வேண்டும்.

"தகப்பனுக்குக் கையெழுத்தே கிடையாது, கைநாட்டுத்தான் என்று சொல்லு" என்றேன் மகளிடம். அவள் சொல்லவில்லை. இப்படி நான் சொல்வதில் பாதியை அவள் மொழிபெயர்ப்பதில்லை.

காகிதம் இருந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தகரப்பெட்டிக்கு அடியில் கிடந்து அன்றைக்கு என் கைப்பையில் வந்திருந்தது. முழுக்க இங்கிலீஷ். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வக்கீல் குமாஸ்தா வாயால் கேட்டதோடு சரி. பையன் படித்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி படித்துவிட்டு முத்துமாரியிடம் ஏதோ கேட்டார். அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா, இதில என்னமோ தப்பா எழுதியிருக்கு. மனைவி புருஷன்கிட்டேருந்து ஒரு ஸ்ட்ரா வாங்கிக்கிட்டாள்னு இருக்கு. ஸ்ட்ரான்னா சோடா குடிக்கிறதுதானே?"

"மேலே படி."

"குழந்தை தாயோட பிராஞ்சைச் சேர்ந்ததுன்னு இருக்கு. எந்த பிராஞ்சுன்னு இவர் கேக்கறார். பேங்க் பிராஞ்சா அம்மா?"

அந்தப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் வக்கீலின் இங்கிலீஷ் கடல் தாண்டி வந்து, ஒரு சீனரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. முத்துமாரி மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாவது வரியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஜீவனாம்சம் எதுவும் வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்களா? ஒரு ஸ்ட்ராவுக்கு?"

3

அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புருஷனுக்குப் பெண்டாட்டி வேண்டாம் என்றால் ஊரைக் கூட்டுவான். எல்லார் முன்னாலும் ஒரு துரும்பை எடுத்து அவளிடம் நீட்டுவான். அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டால் கல்யாணம் தீர்ந்தது. அவளும் வேறு கட்டிக்கொள்ளலாம், அவனும் கட்டிக்கொள்ளலாம். யோசித்தால் அவ்வளவு மோசமான வழக்கமில்லை. அவள் வாங்கினால்தான் செல்லும் என்கிறது. ஆனால் வாங்கமாட்டேன் என்று சொல்லும் ஒருத்தியை சிக்கல் சபை அதுவரை பார்த்ததில்லை.

என்னைக் கட்டியவர் பெயர் காளிமுத்து. சிக்கலில் கொஞ்சம் நிலமும் ஒரு ஜோடி மாடும் நிறைய மீசையும் இருந்தன. கடலாடிப் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தோடு ஒரே மகள் இருக்கிற வீடு ஒன்று அவர் கண்ணில் பட்டது. எங்கள் அப்பன் பாட்டன் காலமாயிருந்தால் சத்தமில்லாமல் அவளையும் கட்டிக்கொண்டு வந்து என்னைச் சோறாக்கச் சொல்லியிருப்பார். அவர் கெட்ட நேரம், அப்போதுதான் மெட்ராசில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். முதல் பெண்டாட்டி இருக்க இரண்டாவது கட்டினால் ஜெயில். அதுவரை பத்து வருஷத்துக்கு ஒரு தரம் நினைவுக்கு வந்துகொண்டிருந்த துரும்புக்குத் திடீரென்று ஊரில் ஏக மரியாதை. ஆதிகாலத்து வழக்கமப்பா என்றார்கள். கலப்பையைத் தவிர எதையும் கையில் பிடிக்காதவன்கூடச் சட்டம் பேசினான்.

சபையில் நடுநாயகமாக உட்கார்ந்தவர் ஊர் அம்பலம். வழக்கு வம்பெல்லாம் தீர்க்கிறவர். வெற்றிலையை மெல்லாத நேரத்தில் நியாயம் சொல்வார், அதனால் அதிகம் சொல்வதில்லை. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். காளிமுத்து துரும்பை நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏத்தா, வாங்கிக்க. சபையில மறுக்கப்படாது" என்றார் அம்பலம்.

"எனக்கு எதுக்கு அது? அவருக்குப் பல்லுக் குத்த ஆகும், வச்சுக்கிறச் சொல்லுங்க."

ஒருவன் சிரித்துவிட்டான். அம்பலம் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சிரிப்பு அதோடு நின்றது.

"வாங்கலேன்னாலும் குடுத்தது குடுத்ததுதான்" என்றார் அம்பலம்.

ஆதிகாலத்து வழக்கம் அரை நிமிஷத்தில் மாறியதை அங்கே வைத்துத்தான் பார்த்தேன். நான் கடைசி வரை கை நீட்டவில்லை, பிள்ளையோடு பொழுது சாய்வதற்குள் அபிராமம் போகும் வண்டியில் ஏறிவிட்டேன். அடுத்த மாதமே கடலாடியில் மேளம் கொட்டினார்கள்.

4

இராமநாதபுரத்தில் வக்கீல் கிடைப்பது சுலபம். கோர்ட்டு வாசலில் தடுக்கி விழுந்தால் ஒரு வக்கீல் மேல்தான் விழவேண்டும். வழக்கைக் கேட்கிற வக்கீல் கிடைப்பதுதான் கஷ்டம். அண்ணன் அப்போது லீவில் வந்திருந்தார். அவரும் நானும் பிள்ளையும் பஸ் ஏறிப் போனோம்.

முதல் வக்கீல் என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துப் பேசினார். "கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லுங்களேன்" என்றார். எதோடு அனுசரிக்க என்று நான் கேட்டேன். பெண் குறுக்கே பேசுகிறாள் என்று அவருக்கு வருத்தம்.

இரண்டாமவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அடிச்சிருக்காரா?" இல்லை என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. காயம் ஏதாவது இருந்தால் கேஸ் பலமாக இருக்குமாம். ஊருக்குப் போய் வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். அண்ணன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டார்.

மூன்றாமவர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் விளங்கியது, அவர் பேச்சு எங்களுக்கு அதிலும் பாதி. ஆனால் எடுத்துக்கொண்டார். அவருடைய குமாஸ்தா மனு எழுத உட்கார்ந்து, "புருஷன் பேரு?" என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். துரும்பை வாங்கமாட்டேன் என்று சபையில் சொன்ன வாய்க்கு, காளிமுத்து என்று சொல்ல வரவில்லை. அண்ணன் சொன்னார். பிறகு சாட்சிக் கூண்டில் ஏறினபோது, நீயேதான் சொல்ல வேண்டும் என்று மாஜிஸ்திரேட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னேன். அவர் ஆயுசு ஒன்றும் குறைந்துவிடவில்லை. இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாராம். என்னை ஏமாற்றியவற்றில் அந்த நம்பிக்கையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மனு இதுதான்: நான் இன்னமும் பெண்டாட்டி, என்னையும் பிள்ளையையும் தள்ளிவைத்துவிட்டு வேறு கட்டிக்கொண்டார், எங்களுக்கு ஜீவனாம்சம் வேண்டும்.

5

அவர்கள் மதுரையிலிருந்து வக்கீலைக் கூட்டிவந்தார்கள். கோட்டும் தங்க மூக்குக் கண்ணாடியும். பதில் மனுவில் இரண்டே சங்கதி. ஒன்று, நான் துரும்பை வாங்கிக்கொண்டேன், ஆகவே பெண்டாட்டியே இல்லை. இரண்டாவதைக் குமாஸ்தா படித்துச் சொன்னபோது இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். பிள்ளைக்குத் தகப்பன்தான் கார்டியன், அவர் தன் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றத் தயார், ஆகவே காசு கேட்கப் பாத்தியதை இல்லை, பிள்ளையை ஒப்படைக்க வேண்டியது.

பிறந்த அன்றைக்குப் பெட்டைப் பிள்ளையா என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் அவர். எதற்கு இப்போது பிள்ளை மேல் ஆசை? காசு கொடுக்க வேண்டாம். இன்னும் நாலு வருஷம் போனால் கடலாடிக்காரி பெறப்போவதற்குத் தொட்டில் ஆட்டவும் சாணி அள்ளவும் கூலியில்லாமல் ஒரு ஆள். அவ்வளவுதான்.

"தகப்பன் கேட்டா குடுக்கத்தாம்மா வேண்டியிருக்கும். சட்டம் அவன் பக்கம்" என்றார் எங்கள் வக்கீல்.

"எங்க வழக்கப்படி புள்ளை என் கிளைங்க" என்றேன்.

"என்ன கிளை?"

"எங்க ஆளுகள்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிளை உண்டுங்க. தாயிக்கு எந்தக் கிளையோ புள்ளைக்கும் அதே கிளை. தகப்பன் வேற கிளை."

அவர் ஊரில் எல்லாம் தகப்பன் வழி. தாய் வழியாகவும் ஒன்று வரலாம் என்பது அவர் தலைக்குள் இறங்கவே இல்லை. அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் சரி சரி என்று ஏதோ எழுதிக்கொண்டார். எழுதியது மரக்கிளை என்பதற்கான இங்கிலீஷ் என்று விசாரணை நாளில்தான் தெரிந்தது, அதுவே கோர்ட்டுக் காகிதத்திலும் ஏறியிருந்தது என்று அந்தச் சீனப் பையன் கேட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது.

விசாரணை நாள். அம்பலம் கூண்டில் ஏறினார். கோர்ட்டுக்கென்று புதுத் துண்டு. சத்தியம் வாங்கினார்கள். "இவ கை நீட்டித் துரும்ப வாங்குனா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார் கொஞ்சமும் கூசாமல். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதுரை வக்கீல், இதெல்லாம் எவ்வளவு காலத்து வழக்கம் என்று கேட்டார். அம்பலத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆதியிலேர்ந்து உள்ளதுய்யா. எங்க வழக்கத்த யாரும் மாத்த முடியாது. ராசாவே வந்தாலும் முடியாது."

எங்கள் வக்கீல் எழுந்து, எழுதிவைத்திருந்ததை இங்கிலீஷில் படித்தார். மாஜிஸ்திரேட் அவரை ஒரு மாதிரி பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார், வக்கீல் வியர்த்துப்போய் என் பக்கம் திரும்பி, "எந்த மரம்மா, எங்கே இருக்கு?" என்றார். நான் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்.

"மரமில்லைங்க எசமான். கிளை. அம்பலத்தையே கேளுங்க."

டவாலிச் சேவகன் என்னை அதட்டினான். ஆனால் மாஜிஸ்திரேட் தமிழுக்கு மாறி, "கிளை என்றால் என்ன?" என்று அம்பலத்தையே கேட்டுவிட்டார்.

அம்பலத்தின் பலவீனம் எனக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்டால் அவரால் நிறுத்த முடியாது. எத்தனை கிளை, எது எதற்குச் சம்பந்தம் ஆகும், எது ஆகாது, எல்லாம் சொன்னார். மதுரை வக்கீல் இரண்டு தரம் இருமினார். அம்பலம் அவருக்குச் சளி என்று நினைத்துக்கொண்டார்.

"தகப்பன் கிளையும் பிள்ளை கிளையும் ஒன்றா?"

"அது எப்படிய்யா ஒண்ணாகும்? ஒரே கிளைன்னா கட்டிக்கிறவே முடியாதுல்ல. தகப்பன் கிளை புள்ளைக்கு வராது. புள்ளைக எல்லாம் தாயி கிளை."

"ஆதியிலிருந்தா?"

"ஆதியிலேர்ந்துய்யா."

"அப்படியானால் வழக்கப்படி இந்தப் பிள்ளை யாரைச் சேர்ந்தது?"

"தாயத்தான்" என்று சொல்லிவிட்டு அம்பலம் வாயைத் திறந்தபடியே நின்றார். துரும்பு ஆதி வழக்கமென்றால் கிளையும் ஆதி வழக்கம்தான். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைத் தள்ள முடியாது. காளிமுத்து தன் வக்கீலைப் பார்த்தார், வக்கீல் அம்பலத்தைப் பார்த்தார். எங்கள் வக்கீலுக்கு மட்டும் என்ன நடந்ததென்று கடைசி வரை விளங்கவில்லை. ஜெயித்துவிட்டோமா என்று என்னிடம் கேட்டார்.

6

மத்தியான இடைவேளையில் மதுரை வக்கீல் எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு ராஜி பேசினார். அவருக்குப் பயம் இன்னொன்று. துரும்பு வாங்கவில்லை என்று கோர்ட்டு நம்பிவிட்டால், அவர் கட்சிக்காரர் முதல் பெண்டாட்டி இருக்கும்போதே கடலாடியில் தாலி கட்டியதாக ஆகும். ஜெயில்.

"நீ துரும்பு வாங்கினேன்னு ஒத்துக்கோ. ஜீவனாம்சம் வேண்டாம்னு எழுதிக் கொடு. பிள்ளையை உனக்கே எழுதிக் கொடுத்துடறோம்" என்றார்.

அண்ணன் கோபத்தில் வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏத்தா, ஒத்துக்கிறாத. ரெண்டுலயும் நாமதான் செயிப்போம். அவன் உள்ள போகட்டும்."

எனக்கும் அவர் உள்ளே போவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்து வக்கீலை ஒரு தரம் பார்த்தேன். சட்டம் தகப்பன் பக்கம் என்று முதலிலேயே சொன்னவர். பெரிய கோர்ட்டுக்குப் போனால் அங்கே கிளையைப் பற்றி யார் அம்பலத்திடம் கேட்பார்கள்? இன்றைக்குப் பிள்ளை கைக்கு வருகிறது. நாளைக்கு வருமா என்று தெரியாது. "பிள்ளை மேல இனி எந்தப் பாத்தியதையும் இல்லேன்னு அவரு மொதல்ல எழுதட்டும்" என்றேன். எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் விரலை மசியில் வைத்து நாட்டினார். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.

அத்தோடு முடிந்தது என்று நான் கிளம்பினேன். அம்பலம் வழியை மறித்தார். காலையில் சத்தியம் செய்து பொய் சொல்லிவிட்டார் அல்லவா, இப்போது சாமி பயம் வந்துவிட்டது. நான் நிஜமாகவே துரும்பை வாங்கிவிட்டால் அவர் சொன்னது உண்மையாகிவிடுமாம். காலையில் செய்த பொய்யை மத்தியானம் மெய்யாக்கிக்கொள்ளும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, இந்த நாட்டிலும் பார்த்ததில்லை.

ஆனால் கோர்ட்டு வளாகத்தில் துரும்பு இல்லை. தேடு தேடு என்று தேடினார்கள். ஒருவன் துடைப்பத்திலிருந்து ஈர்க்கு உருவிக்கொண்டு வந்தான், அது ஆகாது என்றார் அம்பலம். கடைசியில் வெளியே அவிழ்த்துப் போட்டிருந்த வண்டிமாடு தின்றுகொண்டிருந்த வைக்கோலிலிருந்து காளிமுத்துவே ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். நான் வாங்கினேன். தீர்ந்தது.

அடுத்த மாதம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம்.

7

சீனப் பையன் நல்லவர். மகள் விளக்கிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோர்ட்டு முத்திரை இருக்கிறது, அது போதும் என்று பதிந்துகொண்டார். எங்கள் ஊர் ஆபீசாயிருந்தால் அந்த மரக்கிளையைத் திருத்திக்கொண்டு வா என்று என்னை மறுபடி இராமநாதபுரத்துக்கு அனுப்பியிருப்பார்கள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல வெயில். முத்துமாரி காகிதத்தை மடித்து என் கைப்பையில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு நான் எங்கம்மா இருந்தேன்?"

"எங்க இருப்ப? என் இடுப்புலதான்."

"அவர் என்னைப் பார்த்தாரா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் உண்டு. அந்த ஆளுக்குக் கண் கடலாடிப் பக்கம் என்பேன். சின்ன வயதில் அதற்கு அவள் சிரிப்பாள். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. காகிதத்தில் இல்லாததைச் சொன்னேன்.

கோர்ட்டு வாசலில் அவர் அந்த வைக்கோல் துரும்பை நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் இடுப்பில் இருந்த இவள் எட்டிப் பிடுங்கிக்கொண்டாள். யாரோ ஏதோ தருகிறார்கள் என்று அவளுக்குச் சந்தோஷம். துரும்பை ஆட்டிக்கொண்டு சிரித்தாள். காளிமுத்துவும் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. குனிந்து அவள் முகத்துக்கு நேராக, "விடு தாயி, அது ஒனக்கில்ல, ஒங்க ஆத்தாளுக்கு" என்றார். அவள் விடவில்லை. "செல்லாது, அவ கையாலதான் வாங்கணும்" என்றார் அம்பலம். மதுரை வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துரும்பைப் பிடுங்கினேன். கோர்ட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். அவர் கை அவள் பக்கம் வந்தது. தொடுவதற்குள் நான் நகர்ந்துகொண்டேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்திலேயே நின்று பார்த்த அண்ணனோடுகூட அதைப் பேசியதில்லை. சொன்னால் அந்த ஆள் மனுஷனாகிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவரைக் கேவலமாக நினைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். அது இல்லாமல் எப்படி ஓட்டுவது என்று எனக்குத் தெரியாது.

முத்துமாரி தன் வலக்கையை விரித்துப் பார்த்தாள்.

"அவர் எனக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதானா?"

"ஒனக்குக் குடுக்கலடி. எனக்குக் குடுத்தது."

"ஆனா நான்தானேம்மா முதல்ல வாங்கினேன்."

பஸ் வந்துவிட்டது. அவள் முன்னால் ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்பலம் சொன்னபடி பார்த்தால் அது செல்லாது, கோர்ட்டுக் காகிதத்திலும் இல்லை. ஆனால் நடந்தது அவள் சொன்னதுதான்.